சுத்தமாக வந்த தட்டு

சாப்பிடத் தெரியாத ஜனங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பாத்திரம் கழுவும் இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்பது பெரியம்மாவின் கட்சி. முன்னால் மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது எல்லோரும் கனவான்கள்தான், சீமாட்டிகள்தான். மடியில் துணி விரித்துக்கொள்வதென்ன, சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு கோப்பையைப் பிடிப்பதென்ன! அவர்கள் எழுந்து போன பிறகு சுவரிலிருக்கும் சதுர ஓட்டை வழியாகத் தட்டு உள்ளே வரும். கடித்த கேக்கின் மேல் கசக்கிய காகிதம். காப்பிக் கோப்பைக்குள் எலுமிச்சைத் தோல். ஒரு மகாராசன் ஐஸ்கிரீமின் உச்சியில் பல்குத்தும் குச்சியை நட்டுவைத்துவிட்டே போயிருந்தான், மலை ஏறிக் கொடி நாட்டியவன் மாதிரி.

"இதுங்களுக்கு எதுக்கு ஸ்பூன்? ஆளுக்கொரு கேமரா குடுத்து அனுப்புங்க," என்பாள் பெரியம்மா.

அதுவும் பொய்யில்லை. இனிப்பு வந்து மேஜையில் இறங்கியதும் முதலில் சாப்பிடுவது போன்தான். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், ஸ்பூனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு படம், கண்ணை மூடிச் சொக்கிப்போன மாதிரி ஒரு படம். இன்னும் வாயிலேயே வைத்திருக்க மாட்டாள், அதற்குள் என்ன சொக்கல் வேண்டிக்கிடக்கிறது? ஐஸ்கிரீம் பாவம், இவர்கள் படம் எடுத்து முடிக்கும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டா நிற்கும்? உருகி ஓடிவிடும். அப்புறம் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மூக்கைச் சுளித்துவிட்டு எழுந்து போவார்கள்.

முதலாளி இவர்களுக்கு ஏற்ற ஆள். இந்தக் காப்பிக் கடையைத் திறப்பதற்கு முன் பதினெட்டு வருஷம் குளியலறை டைல்ஸ் விற்றவர். சும்மா சொல்லக் கூடாது, கடையின் தரை கண்ணாடி மாதிரி இருக்கும். நாக்கு விஷயத்தில்தான் மனுஷன் சுத்த சூன்யம். அந்தக் குறையைப் பெயர் வைத்து ஈடுகட்டிக்கொள்வார். எலுமிச்சைச் சாற்றில் சோடா ஊற்றினால் அது 'அந்தியின் பெருமூச்சு'. பால் சேர்க்காத காப்பி 'தனிமை'. சாக்லேட் இனிப்பு 'மேகத்தின் மௌனம்'. தட்டு எடுத்து வைக்கும் வெயிட்டர் நாற்பது தாண்டிய நெட்டை ஆள், கொக்கு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவர் ஓட்டைக்குள் கழுத்தை நீட்டி, "ரெண்டு மௌனம், ஒரு பெருமூச்சு!" என்று கத்தும்போதெல்லாம் பெரியம்மா ஈரக் கையோடு தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த மௌனத்தைச் செய்கிறவள் வேறு யாருமில்லை, பெரியம்மாவின் தங்கை மகள். அவள் பெரியம்மா பெரியம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் கடை மொத்தத்துக்கும் அதுவே பெயராகிப்போனது. முதலாளி பெரியம்மாவைவிட ஆறு வயது மூத்தவர், அவரும் கூசாமல் பெரியம்மா என்கிறார். கேட்டால் மரியாதையாம்.

இனிப்பு செய்ய ஒரு வருஷம் முறையாகப் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பெண்ணை, முதலாளியின் கையைக் காலைப் பிடித்துச் சேர்த்துவிட்டது பெரியம்மாதான். எட்டு மாதமாகிறது. தங்குவதும் பெரியம்மா வீட்டில்தான். பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் இனிப்பு மேஜைக்கும் நடுவில் மார்பளவுக்கு ஒரு சுவர். இந்தப் பக்கம் நுரை, அந்தப் பக்கம் சாக்லேட். அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு அந்த மௌனம். அடியில் பிஸ்கட் தூள், நடுவில் ஆரஞ்சுத் தோல் போட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு, மேலே நுரைத்த சாக்லேட், எல்லாம் ஒரு வெள்ளைக் குழித்தட்டில்.

இனிப்பு செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நன்றாயிருந்ததா என்று மேஜையில் போய்க் கேட்க மாட்டார்கள். கேட்டால் சிரித்துக்கொண்டே பொய்தான் சொல்வார்கள். திரும்பி வருகிற தட்டைத்தான் பார்ப்பார்கள். எவ்வளவு மிச்சம், மேலே மிச்சமா அடியில் மிச்சமா, ஓரமாக ஒதுக்கினார்களா, நடுவிலேயே விட்டார்களா. அதைப் பார்த்து மறுநாள் ஒன்றைக் குறைப்பார்கள், ஒன்றைக் கூட்டுவார்கள். தங்கை மகளுக்கும் படிக்கிற இடத்தில் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மௌனம் பாதிப் பாதியாகத் திரும்பி வந்தது. அவள் சுவருக்கு மேலே எக்கி ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு வாய் சோறு தின்னவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதாள். பெரியம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. கண்ட கழுதைகளும் போட்டோ பிடித்துவிட்டு வைத்துப்போன மிச்சத்துக்கு என் பிள்ளை ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

மறுநாளிலிருந்து தட்டு ஓட்டைக்குள் வந்த கையோடு ரப்பர் கரண்டியால் ஒரே இழுப்பு. மிச்சம் எச்சில் வாளிக்குள். அந்தப் பக்கத்திலிருந்து "என்ன வந்துச்சு பெரியம்மா?" என்று குரல் வந்தால், வழித்த தட்டைச் சுவருக்கு மேலே தூக்கிக் காட்டுவாள்.

"பாருடி. நாய் நக்குன மாதிரி இருக்கு."

பிள்ளையின் முகம் மலரும். இதைப் பெரியம்மா பொய்க்கணக்கில் சேர்க்கவே இல்லை. தின்னத் தெரியாதவர்கள் வைத்த மிச்சம் ஒரு மிச்சமா? குப்பையைக் குப்பையில் போட்டாள், அவ்வளவுதான். எட்டு மாதம் இப்படியே ஓடியது. எட்டு மாதமும் பாகில் ஒரு சிட்டிகை சர்க்கரை குறையவில்லை.

இந்த நிலையில்தான் முதலாளியின் காதில் ஒருவன் வந்து ஓதினான். உறைய வைத்த கேக்கைப் பெட்டி பெட்டியாகக் கடைகளுக்குப் போடும் கம்பெனிக்காரன். பெட்டியைத் திறக்க வேண்டியது, வெட்டி வைக்க வேண்டியது, தனியாக ஓர் ஆள் எதற்கு என்று கேட்டான். டைல்ஸ்காரருக்குப் பெட்டி என்றதும் நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. ஆனாலும் உடனே தலையாட்டவில்லை, ஏனென்றால் சனிக்கிழமைப் பத்திரிகையில் கடை கடையாகப் போய் இனிப்பும் பானமும் சுவைத்து எழுதும் அம்மாள் இந்தத் தெருப் பக்கம் வந்திருக்கிறாள் என்று தகவல்.

"அந்தம்மா நம்ம இனிப்பப் பத்தி நாலு வார்த்த நல்லதா எழுதிட்டா நீ இங்கயே இரு," என்று தங்கை மகளிடம் சொன்னார். "இல்லன்னா பெட்டிதான். என்னத் தப்பா நெனைக்காதம்மா, வியாபாரம்."

"இவரு நாக்குல சுவை இல்ல, அதுக்குப் பேப்பர்காரி நாக்க வாடகைக்கு எடுக்குறாரு," என்று பெரியம்மா தொட்டிக்குள் முணுமுணுத்தாள்.

அந்த அம்மாளுக்கென்று ஒரு முறை இருந்தது. எந்தக் கடைக்கும் இரண்டு தடவை போவாள், நடுவில் ஒன்பது நாள் விட்டு. இரண்டாம் தடவைக்குப் பிறகுதான் பேனாவைத் தொடுவாள். தடித்த கண்ணாடி, வெளுத்த பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. முதல் தடவை அவள் வந்து மூலை மேஜையில் உட்கார்ந்தபோது முதலாளி எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். அம்மாள் ஒரு தனிமையும் ஒரு மௌனமும் கேட்டாள். படம் எடுக்கவில்லை. அதில் பெரியம்மாவுக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கால் மணி நேரத்தில் தட்டு ஓட்டைக்குள் வந்தது. கோப்பை காலி. மௌனத்தில் மூன்று ஸ்பூன் போன தடம் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் வைத்தபடி.

பெரியம்மாவுக்குத் திக்கென்றது. பிறகு ரத்தம் கொதித்தது. இவளும் அந்தக் கூட்டம்தானா? கண்ணாடியும் துணிப்பையுமாக வந்து உட்கார்ந்தாளே, மூணே மூணு வாய்க்கா இந்த வேஷம்? கை தானாக ரப்பர் கரண்டியை எடுத்தது. ஒரே இழுப்பு.

"பெரியம்மா! அவங்க தட்டுதான? என்ன வந்துச்சு?"

பெரியம்மா தட்டைத் தூக்கிக் காட்டினாள். "நீயே பாரு."

பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். ஏப்ரனை அவிழ்த்து மேஜைமேல் போட்டாள். என்ன செய்கிறாள் என்று பெரியம்மாவுக்குப் புரிவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் போய்விட்டாள்.

"எங்கடி போற? ஏய்! நில்லுடி!"

யார் நின்றார்கள்? பெரியம்மா ஓட்டைக்குள் முகத்தை வைத்துப் பார்த்தாள். பிள்ளை மூலை மேஜைக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ரொம்ப நன்றிம்மா. அந்த இனிப்பு நான்தான் செஞ்சேன்."

"அப்படியா? சந்தோஷம். எதுக்கும்மா நன்றி?"

"நீங்க என்ன எழுதினாலும் சரிம்மா. தட்ட நான் பாத்துட்டேன். துளி மிச்சம் இல்லாம சாப்பிட்டிருக்கீங்க. அது போதும் எனக்கு."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். கேலி செய்கிறாளோ என்று முதலில் பார்த்த மாதிரி இருந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்தி என்ன பிரயோஜனம், அந்தக் கடையில் டைல்ஸ் போட்டிருக்கும் லட்சணத்துக்கு ஊசி விழுந்தாலும் கேட்கும்.

"நீங்க வேற தட்ட பாத்திருப்பீங்கம்மா. நான் மூணு ஸ்பூனுக்கு மேல சாப்பிடல. சாப்பிட முடியல. பாகு நாக்க மூடிடுது, அதுக்கப்புறம் சாக்லேட் ஏறவே மாட்டேங்குது. முக்காவாசி அப்படியே வச்சிருந்தேனே."

பக்கத்து மேஜையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒருத்தி போனைத் தூக்கினாள், இதையும் படம் பிடிக்கத்தான். கல்லாவில் முதலாளி முகம் சுண்டிப்போய் நின்றார். பிள்ளை, "மன்னிச்சுக்கோங்கம்மா," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வந்தவள் தன் மேஜைக்குப் போகவில்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு தொட்டிப் பக்கம் வந்து எச்சில் வாளியைக் குனிந்து பார்த்தாள். மேலாகவே கிடந்தது, பழுப்பும் மஞ்சளுமாக.

"எத்தன நாளா பெரியம்மா?"

"அந்தப் பொம்பளைக்கு நாக்கு செத்துப்போச்சுடி. கண்ணாடிய பாத்தியா, சோடாபுட்டி. கண்ணே தெரியாதவளுக்குச் சுவை எங்க..."

"எத்தன நாளா?"

பெரியம்மா ஸ்பான்ஜைப் பிழிந்தாள். பிழிய அதில் ஒன்றுமில்லை. "நீ அன்னைக்குச் சாப்பிடாம படுத்தியே, அதுலேருந்து."

பிள்ளை கத்தியிருந்தால் பெரியம்மாவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் கத்தவில்லை. தன் மேஜைக்குப் போய் ஒரு மௌனத்தை எடுத்துவந்து, தொட்டியின் விளிம்பில் வைத்து, ஸ்பூனையும் வைத்தாள்.

"எல்லாரையும் தின்னத் தெரியாதவங்கன்னு திட்டுறீங்களே, நீங்க இத ஒரு தட்டு முழுசா சாப்பிட்டிருக்கீங்களா?"

சாப்பிட்டதில்லை. காய்ச்சும்போது பிள்ளை கரண்டி நுனியில் தொட்டு நீட்டுவாள், நக்கிவிட்டு "பிரமாதம்" என்பாள், அதோடு சரி. இத்தனைக்கும் பெரியம்மாவின் நாக்கு லேசுப்பட்டதில்லை, குழம்பில் ஒரு கல் உப்பு கூடினால் வீடு இரண்டாகும்.

"சாப்பிடுங்க. மிச்சம் வைக்காம."

முதல் ஸ்பூன் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவதில் பாகு மேலண்ணத்தில் பசை மாதிரி அப்பியது. நாலாவதை வாயில் வைத்துக்கொண்டு பெரியம்மா நின்றாள். விழுங்க வரவில்லை. துப்பவும் முடியாது, பிள்ளை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர்க் குழாயைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், எப்படியோ விழுங்கினாள்.

"திகட்டுதுடி," என்றாள்.

"இத எட்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து சட்டம் மாறியது. பிள்ளை பார்க்காமல் ஒரு தட்டையும் வழிக்கக் கூடாது. வருகிற தட்டெல்லாம் ஸ்டீல் மேஜைமேல் வரிசையாகக் காத்திருந்தது. பெரியம்மாவும் முதல் தடவையாக வரிசையாகப் பார்த்தாள். போட்டோ பிடித்தவர், பிடிக்காதவர், கிழவர், குமரி, எல்லோரும் ஒரே இடத்தில்தான் நிறுத்தியிருந்தார்கள். பாகு தொடங்கும் இடத்தில். கழுதைகள் என்று நினைத்தவர்களுக்கெல்லாம் நாக்கு இருந்திருக்கிறது! இதை ஒத்துக்கொள்வது பெரியம்மாவுக்கு அந்த நாலாவது ஸ்பூனைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒன்பது நாளும் பிள்ளை பாகோடு மல்லுக்கட்டினாள். பாதியாகக் குறைத்தாள். சர்க்கரையைக் கருக்கும் வரைக்கும் விட்டுக் கசப்பேற்றினாள். பிஸ்கட் தூளில் உப்புக்கல் சேர்த்தாள். ஆரஞ்சுத் தோலோடு சாற்றையும் ஊற்றிப் புளிப்பாக்கினாள். தட்டில் மிச்சம் பாதியானது, காலானது. வீட்டில் பேச்சுத்தான் இல்லை. "சோறு வச்சிருக்கேன்" என்றால் "ம்". "தூங்கலையா" என்றால் "ம்". தங்கை போன் போட்டு, "அக்கா, பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டபோது பெரியம்மா, "நல்லாத்தான் இருக்கா," என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

பத்தாம் நாள் அந்த அம்மாள் வந்தாள். அதே புடவையோ என்னவோ. அதே மூலை மேஜை, அதே தனிமை, அதே மௌனம். "இன்னைக்காவது ஒழுங்கா தின்னு தாயே," என்று பெரியம்மா ஓட்டை வழியாகப் பார்த்து வாய்க்குள் சொன்னாள். அன்றைக்குப் பார்த்துக் கடையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். யாரோ ஒருத்திக்குப் பிறந்த நாள், பத்துப் பேர், பத்துக் கேமரா. கொக்கு மூச்சு விட நேரமில்லாமல் தட்டுகளை அடுக்கடுக்காகத் தூக்கிவந்து ஓட்டைக்குள் தள்ளிவிட்டு ஓடினார்.

அப்படி வந்த அடுக்கில் மூன்றாவதாக இருந்தது அந்தத் தட்டு. மூலை மேஜைக்கென்று விளிம்பில் நீலக் கோடு போட்ட ஒரே தட்டை முதலாளி தனியாக எடுத்துக் கொடுத்திருந்ததால் சந்தேகத்துக்கே இடமில்லை. தட்டில் ஒன்றுமில்லை. ஸ்பூன் வழித்த கோடுகள் மட்டும். பிஸ்கட் தூளைக்கூட விரலால் ஒற்றி எடுத்திருக்கிறாள் மகராசி!

பெரியம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சுவரைச் சுற்றி ஓடினாள்.

"குட்டி! பாருடி! அந்தம்மா தட்டு!"

பிள்ளை தட்டைப் பார்த்தாள். முகம் மலரவில்லை. மெல்ல வந்து எச்சில் வாளியை எட்டிப் பார்த்தாள். அவள் பார்த்த பிறகு வழித்த பிறந்த நாள் கூட்டத்தின் மிச்சமெல்லாம் கலந்து கிடந்தது, எது யாருடையது என்று யார் சொல்ல முடியும்?

"நான் தொடலடி. உன்மேல சத்தியமா தொடல. வந்ததே இப்படித்தான். ஏ கொக்கு! நீதான தூக்கிட்டு வந்த, சொல்லேன்யா!"

கொக்கு கழுத்தை நீட்டினார். "நான் எங்க பாத்தேன் பெரியம்மா? ஆறு தட்டு ஒண்ணா அள்ளிட்டு வந்தேன்." போய்விட்டார்.

பிள்ளை நீலக் கோட்டுத் தட்டைப் பெரியம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கோபமே இல்லை அவளிடம். அதுதான் பெரியம்மாவுக்குத் தாங்கவில்லை.

"பரவால்ல பெரியம்மா," என்றாள், சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல. "மிச்சம் இருந்திருந்தா இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. நான் அழ மாட்டேன். சாப்பிடாம படுக்க மாட்டேன்."

ஊரையே வாயால் வறுத்தெடுக்கும் பெரியம்மா தொட்டிக்குத் திரும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். கண்ணைத் துடைக்கக் கை இரண்டும் நுரையாக இருந்தது. அந்தத் தட்டை மட்டும் கழுவாமல் ஸ்டீல் மேஜைமேல் பிள்ளை வைத்தபடியே விட்டுவைத்தாள். வெறும் தட்டை விட்டுவைத்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் விட்டுவைத்தாள்.

சனிக்கிழமை காலை முதலாளி பத்திரிகையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தார். தரையைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை என்று அவருக்கு வருத்தம்தான். அவர் வைத்த பெயர்களை அந்த அம்மாள் கிழி கிழியென்று கிழித்திருந்தாள், 'பெருமூச்சு என்பது தனிமையைக் குடித்த பிறகு நான் விட்டது' என்று. ஆனால் கடைசிப் பத்தி இப்படி இருந்தது: 'முதல் தடவை மூன்று ஸ்பூனில் தோற்றேன். இரண்டாம் தடவை தட்டில் எதையும் விட்டுவைக்கவில்லை. தூளை விரலால் எடுத்துத் தின்றேன், யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.'

"பெட்டிக்காரன வர வேணாம்னு சொல்லிட்டேன்," என்றார் முதலாளி. "எனக்கு அப்பவே தெரியும், நம்ம பொண்ணு கைமணம்."

இவருக்குத் தெரியுமாம்!

பிள்ளை பத்திரிகையை வாங்கிக் கடைசிப் பத்தியை ஒரு தடவை படித்தாள், இன்னொரு தடவை படித்தாள். சுவரைச் சுற்றி வந்து பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அப்போ அன்னைக்கு நிஜமாத்தான் சொன்னீங்களா?"

"பேப்பர்காரி சொன்னாத்தான் நம்புவ, இல்ல?" என்று வெட்டத்தான் பெரியம்மா வாயைத் திறந்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. பிள்ளை அவளுடைய ஈரத் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஓட்டை வழியாக அன்றைய முதல் தட்டு வந்தது. பாதி மிச்சம், மேலே கசக்கிய காகிதம். பிள்ளை அதற்குள் தன் மேஜைக்குப் போயிருந்தாள். ரப்பர் கரண்டி கைக்கு எட்டும் இடத்தில்தான் தொங்கியது. பெரியம்மா இரண்டு கைகளையும் தொட்டித் தண்ணீருக்குள் முழங்கை வரை விட்டு வைத்துக்கொண்டாள்.

"தட்டு வந்திருக்குடி," என்று கூப்பிட்டாள். "பாதி மிச்சம். வந்து பாரு."